இரவல் வீட்டில் பொங்கிய பால்

"இன்னும் கொஞ்சம் தள்ளு. சன்னல் பக்கம் தெரியுது பாரு," என்றார் தம்புசாமி.

வேலாயுதம் தோளைக் கொடுத்து முட்டினான். அலமாரி சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஓடிய பழுப்புக் கோடு அதற்குப் பின்னால் போய் ஒளிந்தது. ஆனால் மூலையில் ஒரு சாண் நீளம் மட்டும் இன்னும் பல்லைக் காட்டியது.

"இதுக்கு என்னண்ணே செய்றது?"

"அந்த ஆணியில என் கோட்டை மாட்டு. கோட்டு தொங்குற வீட்டுல சுவரை யாரு பாக்கப் போறா?"

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் கிள்ளான் ஆறு கரை மீறி பிரிக்பீல்ட்ஸுக்குள் புகுந்தபோது விட்டுப்போன கோடு அது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மழை பிடித்தால் மறுபடி எழுந்து வந்துவிடும். ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தம்புசாமிக்கு அது பழகிப்போன விஷயம். வீட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய வேலாயுதத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தூரத்தில் வண்டி ஊதியது. இருவரும் நிமிர்ந்தார்கள்.

"கிள்ளான் வண்டி," என்றார் தம்புசாமி. "ஸ்டேஷன்ல இறங்கி, ரிக்‌ஷா பிடிச்சு வரணும். நான் கிளம்பறேன். என்னைப் பாத்து யாராவது 'கிராணி ஐயா, வீட்டுல யாரு விருந்தாளி'ன்னு கேட்டுட்டா உன் கதை முடிஞ்சது." வாசலில் நின்று செருப்பை மாட்டினார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. வெள்ளத்தப்ப என் குடும்பமே உன் செந்தூல் வீட்டுலதான் வந்து கிடந்தோம். உங்க மேட்டுக்குச் சொட்டுத் தண்ணி வரல. அந்த வீட்டுக்கே பொண்ணோட அப்பாவைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"அது பலகை வீடுண்ணே."

"அதனால?"

வேலாயுதம் அலமாரிக் கதவை அழுத்திச் சாத்தினான். செந்தூல் ரயில்வே பட்டறையில் எஞ்சின் பாகங்களைப் பொருத்தும் பிட்டர் அவன். கைவேலையில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் போன வருஷம் பெண் தர வந்த ஒரு குடும்பம் அவன் வீட்டு வாசலோடு நின்று, தகரக் கூரையைப் பார்த்து, பொதுக் குழாயைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து, உள்ளே வராமலே திரும்பிப் போனது. அந்தப் பார்வை அவனுக்குள் துருப்பிடித்த ஆணி மாதிரி நின்றுவிட்டது. அதனால்தான் தரகர் அய்யாவு இந்த முறை "வீடு எங்க தம்பி?" என்று கேட்டபோது, நாக்கு தானாகவே பிரிக்பீல்ட்ஸ் என்றது.

பெண் சந்திரகலா. கிள்ளான் கோயில் திருவிழாவில் மயங்கி விழுந்த ஒரு கிழவியைத் தூக்கி உட்காரவைத்து, சுற்றி நின்ற ஆண்களை "வேடிக்கை போதும், காத்தை விடுங்க" என்று அதட்டியவள். அதட்டு வாங்கிய ஆண்களில் அவனும் ஒருவன். அன்றிலிருந்து வேறு பெண்ணைப் பற்றி யார் பேசினாலும் அவன் காதில் விழவில்லை.

அவள் அப்பா நாகையா, கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். பிடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் உள்ளதுதான். சம்மதம் என்றால் இலையில் உட்காருவார்கள், இல்லையென்றால் சும்மா எழுந்து போய்விடுவார்கள். ஆனால் நாகையா எழுந்து போவதில் பெயர் வாங்கியவர். சாலாக் செலாத்தானில் தங்கக் கம்பி மாதிரி ஒரு மாப்பிள்ளை. வீட்டுக்குப் பின்னால் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குட்டை ஒன்று கிடந்தது. பாயசம் ஆறும்முன்னே மனிதர் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாராம்.

வேலாயுதம் சமையல்கட்டுக்கு ஓடினான். அக்கா இராஜம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்தாள்.

"வந்துட்டாங்கக்கா. சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"ஏழு வருஷமா இங்கதான் இருக்கோம்."

"கேட்டாத்தான் சொல்லணும். நீயா முன்னால வராதே." ஒரு கணம் தயங்கினான். "நல்ல காரியம் பேச வராங்க. தப்பா எடுத்துக்காதே."

இராஜம்மா வெள்ளைச் சேலையின் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியாதாடா," என்றாள். "ஆனா ஒண்ணு, நம்ம வீடா இருந்தா எதையும் மறைக்க வேணாம். தெருவுல போறவங்ககூட நம்ம வீட்டுல வந்து உக்காந்து, காத்து நல்லா வருதுன்னுதான் சொல்றாங்க."

"அக்கா, இப்ப வேணாம்."

ரிக்‌ஷா மணி கேட்டது.

முதலில் இறங்கியவர் தரகர் அய்யாவு. இறங்கியதுமே மூக்கை உயர்த்தினார். "கோழிக் குழம்பு. டிரெஸ்ஸரய்யா, ராசியான வீடு." பின்னால் இறங்கியவர் ஒல்லியாக, குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் வாசலையோ மாப்பிள்ளையையோ பார்க்கவில்லை. தெருவோரச் சாக்கடையைக் குனிந்து பார்த்தார்.

"வாங்கய்யா, உள்ள வாங்க," என்றான் வேலாயுதம்.

"வரேன் தம்பி. தண்ணி ஓடுதா நிக்குதான்னு பாக்கறேன்." குடை நுனியால் ஒரு வாழைச் சருகைச் சாக்கடையில் தள்ளினார். சருகு மிதந்தது, நகரவில்லை. "நிக்குது," என்றார் தனக்குத்தானே.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சமையல்கட்டு வாசலில் ஏதோ அசைந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு பித்தளை டம்ளர் விழுந்து உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

நாகையா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சட்டென்று களையிழந்தது. அக்காவின் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டார் என்று வேலாயுதம் நினைத்தான்.

"தண்ணி கொண்டு வரேன்யா," என்று உள்ளே பாய்ந்தான். இராஜம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க்கா அங்க வந்து நின்னே?"

"தம்பி, ஒரு நிமிஷம் கேளு. அவரு..."

"ஒண்ணும் கேக்க வேணாம். நான் சொன்னதை மட்டும் சொல்லு. கெடுத்துடாதேக்கா."

அவள் டம்ளரில் தண்ணீரை ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

நாகையா டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"தம்பி, நான் மாப்பிள்ளையைக் கடைசியாத்தான் பாப்பேன். முதல்ல தண்ணி, அப்புறம் சாக்கடை, அப்புறம் காத்து. பைத்தியக்காரன்னு அய்யாவு சொல்லியிருப்பாரு."

"நான் அப்படிச் சொல்லலை," என்றார் அய்யாவு. "கொஞ்சம் கஷ்டமான ஆளுன்னுதான் சொன்னேன்."

"மூத்தவ சீதாலெட்சுமியை நல்ல வீட்டுலதான் குடுத்தேன். துறைமுகத்துப் பக்கம். வீடு முழுக்கச் சன்னல், கண்ணாடி போட்ட அலமாரி, வாசல்ல ரோசாச் செடி. எல்லாத்தையும் பாத்தேன். பின்னால சதுப்பு இருந்தது, அதை மட்டும் பாக்கலை. அடுத்த மழைக்குள்ள காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிடுச்சு. தோட்டம் முழுக்கக் காய்ச்சலுக்குக் கொயினா குடுக்கிறவன் நான். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

அய்யாவு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"அதனால சின்னவளுக்கு நகை கேக்கமாட்டேன், மச்சு வீடு கேக்கமாட்டேன். பலகை வீடோ கல் வீடோ எனக்கு ஒண்ணுதான். அவ மூச்சு விட்டு, தண்ணி குடிச்சு, பத்துப் பதினைஞ்சு மழைக்காலம் தாண்டி இருக்கணும். அவ்வளவுதான்." வேலாயுதத்தின் கண்ணை நேராகப் பார்த்தார். "நீ என்ன சொல்றே தம்பி?"

உண்மையைச் சொல்லிவிடக் கதவு திறந்திருந்தது. அதை வேலாயுதம் உணர்ந்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'ஐயா, இது என் வீடு இல்ல.' ஆனால் வாசலோடு திரும்பிப் போன அந்தக் குடும்பத்தின் பார்வை வந்து முன்னால் நின்றது.

"பலகை வீட்டுல எல்லாம் நம்ம மாப்பிள்ளை இருப்பாரா, டிரெஸ்ஸரய்யா?" என்று அய்யாவு சிரித்தார்.

வேலாயுதமும் சிரித்தான். சிரித்த வாயை அவனே அறைந்திருக்கலாம்.

நாகையா சிரிக்கவில்லை. எழுந்து அறையைச் சுற்றினார். "வெள்ளத்தப்ப இங்கதான் இருந்தீங்களா?"

"ஆமாய்யா."

"தண்ணி எதுவரைக்கும் வந்தது?"

"முழங்கால் வரைக்கும்."

நாகையா ஆணியில் தொங்கிய கோட்டைக் குடை நுனியால் லேசாக ஒதுக்கினார். பழுப்புக் கோடு அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. விரலால் தடவினார். சுண்ணாம்பு ஈரமாக உதிர்ந்தது. கோட்டை மறுபடி பழைய இடத்தில் தொங்கவிட்டு, அதன் மடிப்பைக்கூடச் சரிசெய்தார்.

"பின்பக்கம் பாக்கலாமா?"

பின்பக்கம் போகச் சமையல்கட்டு வழிதான் உண்டு. நாகையா நுழைந்ததும் இராஜம்மா மூலைக்கு ஒதுங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கொல்லைக்குப் போய், துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டைச் சாய்த்தார். தேங்கிய தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். அடுப்பருகே வந்தவர் நின்றுவிட்டார்.

அடுப்பின் மூன்று குமிழிலும் மஞ்சள். அதன்மேல் குங்குமம், இன்னும் ஈரம் காயாமல். கிழக்குப் பக்கமாகப் பால் வழிந்து, காய்ந்து, வெள்ளை நாக்கு மாதிரி தரைவரை இறங்கியிருந்தது. துடைத்தும் போகவில்லை.

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதல் அடுப்பில் காய்ச்சும் பால்.

"பால் பொங்கியிருக்கே," என்றார் நாகையா.

"அக்கா கவனிக்கலைய்யா."

"கவனிக்காம பொங்கின பாலுக்கு யாரும் பொட்டு வைக்கிறதில்ல தம்பி."

வேலாயுதத்தின் காது மடல் சுட்டது. நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை கண்ணுக்குள் போய் எரித்தது. துடைக்கக் கை எழவில்லை.

நாகையா இராஜம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிற குரல்.

"தாயி, நீங்க சொல்லுங்க. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

இராஜம்மா மெல்லத் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் கண்கள் கெஞ்சின.

"ஏழு வருஷம்," என்றாள்.

நாகையா கண்ணை மூடித் திறந்தார். "சரி தாயி."

கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. அய்யாவு யாரும் அழைக்கும்முன்னே உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். நாகையா அவரைத் தாண்டிப் போய் வாசலில் செருப்பை மாட்டினார்.

"டிரெஸ்ஸரய்யா, இலை..."

"எழுந்திருங்க அய்யாவு. வண்டிக்கு நேரமாச்சு."

"அடுத்த வண்டிக்கு ரொம்ப நேரம் இருக்கே," என்று முனகிக்கொண்டே அய்யாவு எழுந்தார். கோழிக் குழம்பு இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், செத்தவனுக்கு விடை கொடுப்பதுபோல.

நாகையா படியில் நின்று வேலாயுதத்தின் தோளில் கை வைத்தார். "நல்லா இரு தம்பி. அந்தத் தொட்டித் தண்ணியை மட்டும் தினம் கொட்டச் சொல்லு, இந்த வீட்டுக்காரங்ககிட்ட."

ரிக்‌ஷா போயிற்று. கை பட்ட தோளை வேலாயுதம் வெகுநேரம் அசைக்கவில்லை.

அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். அடுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். சாவியைத் தம்புசாமியிடம் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கோழிக் குழம்புச் சட்டியைத் துணியில் கட்டி இராஜம்மா இடுப்பில் வைத்துக்கொண்டாள். இருவரும் செந்தூலுக்குத் திரும்பினார்கள்.

செந்தூலில் ரயிலைவிட்டு இறங்கி மேட்டில் ஏறத் தொடங்கியதும் வேலாயுதம் ஆரம்பித்தான்.

"உன்னை யாருக்கா பால் காய்ச்சச் சொன்னது?"

"காய்ச்சாம ஒரு வீட்டுல முதல் அடுப்பு பத்தவைக்கக் கூடாதுடா. உன் கல்யாணப் பேச்சு நடக்கிற இடம். மனசு கேக்கல."

"இரவல் வீட்டுக்கு என்னக்கா குடிபோற சடங்கு? அப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாம் அந்தப் பாலாலதான். அந்தச் சுவர்க் கோட்டைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். சட்டி ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாறியது. அது அவனை இன்னும் கிளப்பிவிட்டது.

"அதுவும் நீ போய்க் காய்ச்சலாமா? மஞ்சளும் குங்குமமும் நீ தொடலாமா? தொட்டா விளங்குமா?"

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. இராஜம்மாவின் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு மறுபடி நடந்தாள்.

"வேற யாருடா இருக்கா நமக்குச் செய்ய?" என்றாள்.

வீடு வந்தது. தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. வாசலில் தண்ணீர் தேங்கவில்லை. மேட்டிலிருந்து வழிந்து ஓடிவிடும். பின்பக்கக் கதவைத் திறந்ததும் முன்பக்கம்வரை காற்று ஒரு வீச்சில் கடந்து போயிற்று. பட்டறைச் சங்கு ஊதியது. பொதுக் குழாயில் யாரோ குடம் நிரப்பும் ஓசை. தினமும் கேட்பதுதான். இன்று எல்லாமே அவனைக் குத்திக் காட்டின.

சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "மன்னிச்சுடுக்கா," என்று சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு. "பால் மட்டும் பொங்காம இருந்திருந்தா..."

"பாலால இல்லடா."

இராஜம்மா சட்டியை இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அங்க அவரு உள்ள நுழைஞ்சதும் எனக்கு டம்ளர் நழுவிடுச்சு. உன்கிட்டச் சொல்ல வந்தேன். நீ விடல."

"என்ன சொல்ல வந்தே?"

"போன வெள்ளிக்கிழமை நீ பட்டறைக்குப் போனப்புறம் ஒருத்தர் குடையோட வந்தாரு. பட்டறையில வழி கேட்டு வந்தேன், வாடகைக்கு வீடு பாக்கறேன்னாரு. சொல்லிட்டுப் போனா எல்லா வீடும் குளிச்சுப் பொட்டு வச்சுக்கிட்டு நிக்கும், அதான் சொல்லாமலே வருவேன்னு சிரிச்சாரு. இந்தக் குழாய்த் தண்ணியை வாங்கி ரெண்டு டம்ளர் குடிச்சாரு. கொல்லையைச் சுத்தினாரு. தம்பி என்ன வேலை, குடிக்குமான்னு கேட்டாரு. யாருக்கு வீடுன்னு கேட்டேன். என் பொண்ணுக்குன்னாரு."

வேலாயுதம் நிமிர்ந்தான்.

"அது யாருன்னு அப்ப எனக்குத் தெரியாதுடா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அந்த மனுஷன் முகத்தைப் பாத்து ஏழு வருஷம்னு சொன்னேன்."

அவள் கையால் காட்டினாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாத்தியிருந்த மணைப்பலகையை.

"கிளம்பறப்ப அவராத்தான் கேட்டாரு, சோறு இருக்கா தாயின்னு. கருவாட்டுக் குழம்புதான் இருக்குன்னேன். பரவாயில்ல, போடுங்கன்னாரு. இந்தப் பலகையைப் போட்டு, இங்க உக்காந்து, வயிறார சாப்பிட்டு, கை நனைச்சுட்டுத்தான்டா போனாரு."